உறுதியின் பின்பக்கம்

தர்மிகா வேட்டிக் கரையை இஸ்திரிப் பெட்டியால் அழுத்திக்கொண்டிருந்தபோது, சித்தப்பா கிருஷ்ணராசா குசினியின் அடுப்படிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, அந்தக் காணி உறுதி எங்கை?"

"பத்து மணிக்குள்ளை அப்பாவுக்கு உடுத்திற உடுப்பைக் கொண்டுபோய்க் குடுக்க வேணும் சித்தப்பா. இப்பவே காணிக் கதை?"

"இப்ப கேக்காட்டி எப்ப கேக்கிறது? செத்தவீட்டிலை ஆக்கள் நிக்கேக்கை கேட்டால், மரியாதைக்காவது மாலி எடுத்துத் தருவா. அவ தன்ர ஊருக்குப் பிளேன் ஏறிப் போனாப் பிறகு ஆரைப் பிடிக்கிறது?"

அவர் சொன்னதில் பிழையில்லை என்பதுதான் தர்மிகாவுக்கு எரிச்சல். முன்னறையில் லண்டனின் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் தேநீர்க் கோப்பைகளோடு இருந்தார்கள். மண்டபத்தில் பன்னிரண்டு மணிக்குக் கிரியை. அதற்குள் மாடிக்குப் போய் மாலியிடம் கேட்க வேண்டும்.

அப்பா பரமேஸ்வரன் இருபத்தாறு வருடம் லண்டன் பஸ்ஸை ஒரு கீறல் விழாமல் ஓட்டிய மனிதர். குப்பைத் தொட்டியைப் பற்றிக் கவுன்சில் அனுப்பும் கடிதத்தைக்கூடக் கண்ணாடி போட்டு மூன்று தரம் வாசிக்காமல் மேசையில் வைக்கமாட்டார். முதல் இரண்டு தரமும் அவர்களுக்காக, மூன்றாம் தரம் தனக்காக என்பார். அப்படிப்பட்டவர், மனைவி இறந்து நாலு வருடத்தில், டிப்போ கன்ரீனில் சமைத்துக்கொண்டிருந்த மாலியைக் கலியாணம் செய்தார். மாலி தாய்லாந்துக்காரி. அது போகட்டும். இரண்டு வருடம் கழித்து, பென்ஷனில் பெரிய தொகையை எடுத்து மாலியின் ஊரான உடோனில் காணி வாங்கி வீடும் கட்டினார். அங்கே வெளிநாட்டுக்காரர் பெயரில் காணி எழுதமாட்டார்கள். காணிப் பத்திரமான உறுதி மாலியின் பெயரில் வந்தது.

தர்மிகாவுக்கு வங்கியில் வீட்டுக்கடன் பிரிவில் வேலை. ஊரார் வீட்டுப் பத்திரங்களில் எல்லாம் ஓட்டை தேடிப் பிடிப்பவள், சொந்த அப்பாவைச் சும்மா விடுவாளா? "காணி அவவின்ர பேரிலை இருக்கட்டும். உங்கட காசுக்கு ஒரு பாதுகாப்பு எழுதுங்கோ அப்பா" என்று கத்தினாள். "எல்லாம் செய்தாச்சு பிள்ளை" என்றார். என்ன செய்தார் என்று சொல்லவில்லை. அவள் நம்பவுமில்லை. அன்றிலிருந்து அவர்களுடைய ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மூன்று கிழமைக்கு முன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு செய்தி அனுப்பியிருந்தார்: "உன் பாஸ்போட் நம்பரை அனுப்பு." அவள் "ஏன்?" என்று திருப்பிக் கேட்டாள். அதற்குப் பதில் வரவேயில்லை.

வேட்டியை மடித்துக் கையில் போட்டுக்கொண்டு மாடி ஏறினாள்.

மாலி வெள்ளைச் சட்டையோடு கட்டில் விளிம்பில் இருந்தாள். எட்டு வருடம் அவரோடு பேசிப் பழகிய தமிழ் அவளுடையது. வினைச்சொற்கள் பாதி வழியில் நின்றுவிடும், ஆனால் உச்சரிப்பு அசல் யாழ்ப்பாணம்.

"சித்தப்பா சத்தம் கேட்டது," என்றாள். "இதுதானே வேணும்?"

பழுப்பு உறையிலிருந்து தடித்த தாளொன்றை எடுத்துக் கட்டிலில் விரித்தாள். தலைப்பில் சிவப்புக் கருடன். கேட்பதற்காகத் தர்மிகா படிப்படியாகக் கட்டி வந்த வசனமெல்லாம் அப்படியே நின்றது. மாலி தாளைப் புரட்டினாள். பின்பக்கத்தில் கட்டம் கட்டமாகத் தாய் எழுத்து. ஒரு வரியில் விரலை வைத்தாள்.

"இது அப்பா பேர்."

"என்ன எழுதியிருக்கு?"

"அப்பா சாகும் வரைக்கும் காணி, வீடு அவர் பாவிக்கிறது. நான் வித்தாலும் வாங்கின ஆள் அவரை எழுப்பேலாது. அப்ப ஆர் வாங்கிறது? ஒருத்தரும் இல்லை."

தர்மிகாவுக்கு இந்த உரிமை தெரியும். அவரிடம் தொண்டை கிழியச் சொன்ன வழிகளில் இது முதலாவது.

"அப்பா கேட்டு எழுதுவிச்சவரோ?"

"இல்லை. நான் கேட்டது."

காணி பதிகிற கந்தோரில் நடந்ததை மாலி துண்டு துண்டாகச் சொன்னாள். 'இந்தக் காசில் எனக்குப் பங்கில்லை, முழுக்க என் மனைவியின் காசு' என்று அங்கே புருசன் எழுதிக் கொடுக்க வேண்டும். மற்ற வெளிநாட்டுப் புருசன்மார் அந்த இடத்தில் வியர்த்துப்போவார்களாம். இவர் மொழிபெயர்க்கிறவரை மூன்று தரம் வாசிக்க வைத்துவிட்டு, சிரித்துக்கொண்டே ஒப்பம் வைத்தாராம்.

"ஏன் சிரிக்கிறது எண்டு நான் கேட்டது. 'எங்கட ஊரிலை சீதனக் காணி எப்பவும் பொம்பிளையின்ர பேரிலைதான் மாலி. ஆனா புருசன்ர கையெழுத்து இல்லாமல் அவ விக்கேலாது' எண்டு அவர் சொன்னது. நான் சொன்னது, 'ஐயோ, இஞ்சை அப்படி இல்லை. நான் நாளைக்கே விக்கலாம்.' அவர் முகம் இப்படி."

மாலி கண்களை அகல விரித்துக் காட்டினாள். தர்மிகாவுக்கு அந்த முகம் தெரியும். எத்தனை தரம் வாசித்தாலும் தாளில் இல்லாததை மனிதர் எப்படிப் பிடிப்பார்? யாழ்ப்பாணத்துச் சட்டத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உடோன் வரைக்கும் போயிருக்கிறார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"பிறகு நான்தான் ஒப்பீசரிட்டை திரும்பிப் போனது. பின்னாலை அவர் பேரை எழுது எண்டு சொன்னது."

"உங்களுக்கு அதாலை நட்டமல்லோ?"

"நட்டம் இல்லை. எனக்கு மூண்டு அண்ணன். சூதாட்டம். வில்லு, வில்லு எண்டு ஒவ்வொரு மாதமும் போன். நான் சொல்லிறது, புருசன் பேர் இருக்கு, ஏலாது. ஆறு வருசம் அதுதான் சொன்னது." மாலி தாளைத் தடவினாள். "முந்தநாள் அண்ணன் போன் எடுத்தது. புருசன் செத்தாச்சு, இப்ப பேர் இல்லைத்தானே எண்டு கேட்டது."

பிறகு உறையிலிருந்து இன்னொரு தாளை எடுத்தாள். உடோனிலிருந்து லோயர் எழுதி அனுப்பிய விண்ணப்பம், ஆங்கிலத்தில் இருந்தது. காணி, வீடு இரண்டின் மீதும் முப்பது வருடத்துக்கு அதே பாவனை உரிமையைப் பெறுபவர் என்ற இடத்தில் தர்மிகாவின் பெயர், அப்பாவின் கையெழுத்தில். பஸ் டைம்டேபிள் எழுதுவதுபோல ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக நின்றது. அதற்குக் கீழே பாஸ்போட் நம்பருக்கான கோடு வெறுமையாக இருந்தது.

"முப்பத்தொராம் நாள் அந்தியேட்டி முடிய ரெண்டு பேரும் போய் எழுதிறது," என்றாள் மாலி. "அண்ணன் கேட்டால் நான் சொல்ல வேணும், மகளின்ர கையெழுத்து இல்லாமல் ஏலாது. அவர் காசு. நீங்க அவர் மகள்."

தர்மிகாவுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இந்த இரண்டு பேரையும் நினைக்கப் பெருமையாக இருந்தது. வங்கியில் பதினாலு வருடம் இருந்து தான் கற்றதை, கன்ரீனில் சமைத்த ஒருத்தி தன் ஆளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் செய்துவிட்டிருக்கிறாள். அவரும் அதைப் பற்றி ஊருக்குப் பெருமை பேசாமல், மகளின் ஏச்சையும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

"பிள்ளை!" கீழேயிருந்து சித்தப்பாவின் குரல். "நேரமாகுது. கேட்டனியோ?"

"ஓம் சித்தப்பா. தந்திட்டா. வாசிச்சுக்கொண்டிருக்கிறன்."

"வாசிக்க என்ன கிடக்கு? எடுத்துக்கொண்டு வா!"

அவள் போகவில்லை. தலைமாட்டு மேசையில் இருந்த அப்பாவின் கண்ணாடியை எடுத்தாள். தன் கண்ணுக்கு அது சரிவராது, எழுத்தெல்லாம் வீங்கித் தெரிந்தது. இருந்தும் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசித்தாள். திரும்ப வாசித்தாள். மாலி அவளை அவசரப்படுத்தவில்லை. அவள் கையிலிருந்த வேட்டியை மெல்ல வாங்கி, கசங்கிய இடத்தை முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் தரமும் வாசித்து முடித்த பிறகு, தர்மிகா போனில் பாஸ்போட்டின் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வெறுங்கோட்டின் மேல் ஒவ்வொரு இலக்கமாக எழுதத் தொடங்கினாள்.