பெயர் வெட்டிய துப்பாக்கி

விலையை முதலில் சொல்பவன் தோற்றான். தென்காசியில் எங்கள் பாத்திரக்கடையில் நான் கற்றது இது ஒன்றுதான். கடையநல்லூர் மசூது பாயும் முப்பது வருஷம் ஜவுளி விற்றவர். ஆகவே, சீசனுக்கு அவர் குற்றாலத்தில் பிடித்திருந்த வீட்டு மேசையில் என் அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைக் கிடத்திவிட்டு, முக்கால் மணி நேரமாக நாங்கள் ரம்புட்டான் தின்றுகொண்டிருந்தோம்.

"மெயின் அருவியில குளிக்க விடுதானா வே?"

"வெள்ளம் பாய். கயிறு கட்டிட்டான்."

"ம்ம். இதுக்கு என்ன எதிர்பாக்கீரு?"

"நீங்க பாத்துச் சொல்லுங்க."

"பொருளு உம்மது. நீரு சொல்லும்."

"பணம் உங்களது. நீங்க சொல்லுங்க."

"இந்தாரும், இன்னொரு பழம்."

அப்பா நமசிவாயம் போய் இரண்டு வருஷம். பங்கு பிரித்ததில் மிஞ்சியவை இரண்டு: வாசுதேவநல்லூரில் எட்டு சென்ட் நிலம், இந்தத் துப்பாக்கி. தங்கை ஸ்ரீமதி வாய் திறக்குமுன் நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டேன். "நெலத்த நீயே வச்சுக்கோ. இது மட்டும் அப்பா ஞாபகமா எங்கிட்ட இருக்கட்டும்." அவள் அழுதே விட்டாள். இதே லண்டன் கம்பெனித் துப்பாக்கி ஏதோ ஏலத்தில் ஆறு லட்சத்துக்குப் போனதை முந்தின நாள்தான் போனில் பார்த்திருந்தேன். அதை அவளிடம் சொல்லவில்லை.

பிறகுதான் படுத்தல் ஆரம்பித்தது. லைசென்ஸ் என் பெயருக்கு மாறப் பதினாலு மாதம். விற்கலாம் என்றால், லைசென்ஸ் உள்ளவன்தான் வாங்க முடியும். அவனும் இரண்டுக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒருவர் மூவாயிரம் தருகிறேன் என்றார். இன்னொருவர், ஓடாத ஸ்கூட்டரை மாற்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார். பழைய துப்பாக்கியின் அருமை தெரிந்தவர், லைசென்ஸில் ஓர் இடமும் காலியாக வைத்திருப்பவர், இந்த மசூது பாய் மட்டும்தான்.

கடைசியில் அவரே பூதக்கண்ணாடியை எடுத்தார். குழலைத் தட்டினார். கட்டையைத் தடவினார். முகம் மலர்ந்தது. நான் மனத்துக்குள் ஆறை ஏழாக்கினேன். விசைக்கு மேலே இருந்த தகட்டுக்குக் கண்ணாடி வந்ததும், நின்றுவிட்டது.

"இங்கன கம்பெனி பேரு இருக்கணுமே. இது யாரு வே, ந.விஜயசங்கர், தென்காசி?"

"நாந்தான்."

"நீரு எப்பம் லண்டன்ல கம்பெனி நடத்துனீரு?"

கடையில் பெயர் வெட்டும் மெஷின் வாங்கிய புதிது. எனக்குப் பத்தொன்பது வயது. நாளைக்குத் தங்கை பங்கு கேட்டால் என்ன செய்வது என்று, அப்பா சாப்பிடப் போன நேரத்தில் புள்ளிபுள்ளியாக என் பெயரை வெட்டிவிட்டேன். பழைய குடத்துக்குச் செய்வதுபோல, அதில் முதலில் இருந்த பெயரை நன்றாகத் தேய்த்து அழித்துவிட்டுத்தான்.

மசூது பாய் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்தார். "இந்தத் தகடு சுத்தமா இருந்தா நாலு லட்சம் தரலாம்னு இருந்தேன். இப்பம் பதினெட்டாயிரம்."

"பாய்!"

"உம்ம பேருக்கு அதுக்கு மேல பெறாது வே."

மேசையை விட்டு எழாமலே, ஆலங்குளத்திலிருந்த ஸ்ரீமதிக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, யோசிச்சுப் பாத்தேன். அப்பா ஞாபகம் ஒனக்கும் வேணும்லா? துப்பாக்கிய நீ வச்சுக்கோ. நெலத்துல பாதி மட்டும் குடுத்தாப் போதும்."

"அதுல யாரு பேருண்ணே வெட்டியிருக்கு?"

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"நீ வெட்டுன அன்னைக்கே பாத்தாச்சு. அப்பாவும் பாத்தாவ. 'அவன் பேர வெட்டிட்டான், அவனே வச்சுக்கிடட்டும்'னாவ. நம்ம கடையில கல்லாவுக்கு மேல ஒரு போர்டு தொங்குமே, ஞாபகம் இருக்கா?"

இருக்கிறது. 'பெயர் வெட்டிய சாமான்கள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது.' சிவப்புப் பெயின்ட்டில் எழுதியவனே நான்தான்.

போனை வைத்தேன். மசூது பாய் எதுவும் காதில் விழாதவர்போல ரம்புட்டான் உரித்துக்கொண்டிருந்தார்.

"சரி பாய். பதினெட்டு."

"அது போனுக்கு முந்துன விலை. இப்பம் பன்னெண்டு." பழத்தை என் பக்கம் நீட்டினார். "வீட்டு ஆளுகிட்ட வெளிய போயிப் பேசணும் வே."