பதினோரு நிமிடம்

எங்கள் வீட்டுக் கணினி பதினோரு நிமிடத்துக்கு மேல் தாங்குவதில்லை. திரை கறுத்துப்போய், தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கும். எழுதியதெல்லாம் போயிருக்கும்.

என் மனைவி ஓதிலுக்கு இது நடந்ததே இல்லை. லாட்டரி எண்ணைப் பார்ப்பாள், அணைத்துவிடுவாள். "நீ தொட்டாத்தான் இப்படி ஆகுது. இன்னும் நாலு குத்து குத்து, ஒடஞ்சே போகட்டும்" என்பாள். நான் ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறவன். படிக்கக் கற்றதே ஐம்பத்தோரு வயதில், மோன்ஸ் நகரத்துச் செவ்வாய்க்கிழமை வகுப்பில். பதினோரு நிமிடத்தில் எனக்கு மூன்று வரிதான் வரும்.

எழுத வேண்டியது ஒரு விண்ணப்பம். முப்பத்திரண்டு வருஷம் நீலநிறக் கட்டடக்கல் குவாரியில், கல்லறுக்கும் கொட்டகையில் நின்றேன். இப்போது மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குகிறேன். இது வேலையால் வந்த நோய் என்று அலுவலகம் ஒப்புக்கொள்ள வேண்டும். தாளில் எழுதினால் வாங்கமாட்டார்களாம். வெள்ளிக்கிழமை நண்பகலோடு கெடு முடிகிறது.

கம்பியை மாற்றினேன். கணினிப் பெட்டியை அடுக்களைக்குத் தூக்கிப்போய் வேறு பிளக்கில் செருகிப் பார்த்தேன். போகிற வழியில் இரண்டு தடவை இறக்கிவைத்து இளைப்பாறினேன். அங்கேயும் பதினோரு நிமிடம்தான்.

வெள்ளி காலையில் ஓதில் தன் அண்ணன் ஆர்மானைக் கூப்பிட்டாள். அவர் எங்கள் கொட்டகைக்கு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது பந்தயப் புறா வளர்க்கிறார்.

"எங்கடா நோயாளி?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். பெட்டியைத்தான் கேட்டார்.

பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விசிறி சாம்பல் நிறக் கம்பளி போர்த்தியதுபோல் கிடந்தது. கொஞ்சம் கிள்ளி விரலிடுக்கில் தேய்த்தார். அது என்ன தூசி என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பெட்டி வழக்கமாக இருக்கும் இடத்துக்கு நேர் மேலே இருந்த கொக்கியில்தான் ஒன்பது வருஷம் என் வேலைக் கோட்டு தொங்கியது.

"அட கடவுளே! இவ்ளோ தூசிய வச்சுக்கிட்டு இது எப்படி மாப்ளே மூச்சு விடும்? காத்தே போகல. சூடேறுது, தாங்கமாட்டாம அணைஞ்சுக்குது. மெஷின் மேல ஒரு தப்பும் இல்ல."

மூக்கையும் வாயையும் கைக்குட்டையால் கட்டிக்கொண்டு, சைக்கிள் பம்பால் ஊதத் தொடங்கினார். கொட்டகையில் தூசி எழாமல் ரம்பத்துக்குத் தண்ணீர் விடும் குழாய் உடைந்து நாலு வருஷம் கிடந்தது. சரிபண்ணச் சொல்லி நான் கேட்டபோது, "பாருங்கடா, கல்லு குளிக்கத் தண்ணி கேக்குறான்" என்று இவர் சொல்லி, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"மச்சான், இப்ப சொன்னீங்களே, அதையே விண்ணப்பத்துலயும் சொல்லிருங்க. கூட இருந்து பாத்தவங்க ஒருத்தர் பேரு கேக்குறாங்க."

பம்பு நின்றது. "எத சொல்ல?"

"தூசி இருந்துச்சுன்னு. காத்து இல்லேன்னு."

"அது வேற மாப்ளே. இது மெஷின்." கைக்குட்டையை அவிழ்த்தார். "இப்ப அங்க எம்பையன்தான் மேஸ்திரி. எம்பேர இதுல இழுக்காத."

"கோட்டுல ஒட்டிக்கிட்டு வந்ததுக்கே பெட்டி இப்படி ஆயிருக்கு. நான் அந்தக் கோட்டுக்குள்ள இருந்தேன் மச்சான்."

"அந்தக் கோட்டத் தொவச்சவ நானு, அண்ணே" என்றாள் ஓதில்.

"புறாவுக்குத் தீனி போடணும்" என்று எழுந்து போய்விட்டார். காபியைத் தொடவே இல்லை.

கணினி பதினோரு நிமிடத்தைத் தாண்டியது, நாற்பதையும் தாண்டியது. எழுதிக்கொண்டே இருந்தேன். நண்பகலுக்கு ஆறு நிமிடம் இருந்தபோது சாட்சி என்ற கட்டத்துக்கு வந்தேன். ஆர்மான் பெயரை அடிக்க எனக்குத் தடுமாற்றமில்லை. வேலைச் சீட்டில் நான் என் பெயருக்குப் பதில் கீறல் போட்ட காலமெல்லாம் அதன் கீழே மேஸ்திரி கையெழுத்தாக இருந்தது அந்தப் பெயர்தான். அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் நின்றது.

"அனுப்பினா இனிமே இந்த வாசப்படிய மிதிக்கமாட்டாரு உங்கண்ணன்" என்றேன்.

ஓதில் அந்தக் காபியைத் தொட்டியில் கொட்டினாள். "அனுப்பு. அப்புறம் தரையக் கூட்டு. ஊதுனதெல்லாம் அப்படியே கெடக்கு."

அனுப்பினேன். ஆனால் கூட்டவில்லை, கூட்டினால் பறக்கும். ஈரத்துணியால் துடைத்தேன். அந்த நாலு வருஷமும் நான் கேட்டது அவ்வளவுதான், கொஞ்சம் தண்ணீர்.