மலிவு மின்சாரத்தில் வெந்த கறி

காலை எட்டு மணிக்கு நான் உணவகச் சமையலறைக்குள் நுழைந்தபோது, கறியை வெந்நீரில் மெதுவாக வேகவைக்கும் கருவி ஒன்பது மணி நேரம் ஓடியதாகக் காட்டியது. இருபது காட்டியிருக்க வேண்டும். முந்தின நாள் நண்பகலில் அதை ஓடவிட்டவள் நான்தான்: காற்றை உறிஞ்சி மூடிய பைகளில் பன்னிரண்டு பன்றிக் கழுத்துத் துண்டுகள், அறுபத்திரண்டு டிகிரி வெந்நீர், இருபத்துநாலு மணி நேரம். பிற்பகலில் ஞானஸ்நான விருந்து, அறுபது பேர். மேலே பூசுவதற்கான பிளம் பாகு கருகருவென்று தயாராக இருந்தது.

அதுவாக நின்று ஓடியிருந்தால் மன்னித்திருப்பேன். யாரோ பிளக்கைப் பிடுங்கிவிட்டு இரவு பதினொன்றுக்குத் திரும்பச் செருகியிருக்கிறார்கள். பதினொன்றுக்குத்தான் மின்சாரம் மலிவாகும். எங்கள் ஊர் வால்யேவோவில் துணி துவைக்கும் இயந்திரம்கூட அதற்கு முன் ஓடாது.

கேட்டேன். முதலாளி ராடோய்க்கோ கொஞ்சமும் கூசாமல், நான் நாலு மணிக்குக் கிளம்பியதும் தானே பிடுங்கியதாகச் சொன்னார். பாத்திரத்துக்கு மேல் போர்வை போர்த்தியிருந்தாராம், சூடு எங்கே போகும் என்றார்.

காற்றில்லாத பைக்குள், ஆறிப்போன நீரில், ஏழு மணி நேரம்: கிருமி பெருகி விஷம் கக்க அது போதும். உணவுத் தொழில்நுட்பத்தில் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. எல்லாவற்றையும் கொட்ட வேண்டும் என்றேன்.

"மோந்து பாரு. நாறுதா? அப்புறம் என்ன, இன்ஜினியர் அம்மா? ஓவன்ல வாட்டி எடு, பாகைத் தடவு. மேல ரெண்டு கிளாஸ் பிளம் சாராயம் போச்சுன்னா எந்தக் கிருமி பொழைக்கும்?"

"நாறாது முதலாளி. அதான் ஆபத்து. கிருமி விடுற சில விஷம் ஓவன்லயும் அழியாது. பால் குடுக்கிற தாய் உக்காந்து சாப்பிடப் போறா."

அவர் கழுவும் தொட்டிப் பக்கம் திரும்பினார். அங்கே பதினாறு வருடமாகப் பாத்திரம் கழுவுகிறவள் என் அம்மா டெசாங்கா. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். போனது அந்தக் கைகளால்தான், யாரும் எனக்கு நினைவூட்ட வேண்டாம்.

"டெசா, நீ கெஞ்சினியேன்னு இவளுக்கு வேலை குடுத்தேன். நீயே சொல்லு உன் பொண்ணுகிட்ட."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"வாட்டிக் குடுத்துடேன் யாஸ்னா. இத்தனை வருஷத்துல இங்க சாப்பிட்டு யாரு செத்தா?"

எனக்கு அவர்மேல் வந்ததைவிட அவள்மேல்தான் அதிகம் கோபம் வந்தது.

"நீ சாப்பிடுவியா?"

அம்மா பைகளைப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. பன்னிரண்டு பைகளையும் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். ராடோய்க்கோ திரும்ப எடுத்துக் கழுவக் கூடியவர். அதனால் அம்மாவின் கழுவும் தொட்டியடியில் இருந்த பிளீச்சிங் திரவத்தை மேலே ஊற்றினேன், புட்டி காலியாகும் வரை.

என்னை அந்த நிமிடமே வெளியே போகச் சொன்னார். அம்மாவிடம், விருந்து முடியட்டும், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார். பிறகு பன்றிக்குப் பதிலாகக் கோழி கேட்டு யாரையோ போனில் அழைத்தார். குரலில் தேன் வழிந்தது.

நான் ஏப்ரனைக் கழற்றினேன். நீயும் வா என்று அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நீ பெல்கிரேடு போயிடுவ. உன்கிட்ட பட்டம் இருக்கு," என்றாள். "எனக்கு அம்பத்தெட்டாகுது. எவன் எடுப்பான்?"

அழுவாள் என்று நினைத்தேன். அவள் காலிப் புட்டியை எடுத்துப் பார்த்துவிட்டு, இனி தட்டுகளை எதால் கழுவுவது என்று கேட்டாள்.