ப்ரையனி திறந்த ஃபைல்

மத்தியானம் இரண்டு பத்துக்கு நோரீன் போன் செய்தபோது ப்ரையனி ஜன்னல் கண்ணாடிக்குக் குறுக்கே டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நோரீன் கர்லூ பே கவுன்சிலில் புயல் வேலைகளைக் கவனிப்பவள். எங்கே முகாம், எந்தச் சாலை மூடல் என்று ஊருக்குச் சொல்லும் கவுன்சிலின் இணையப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது ப்ரையனியின் வேலை. சுற்றி வளைத்துப் பேச அவளுக்குத் தெரியாது, வணக்கம் சொல்லவும் அன்றைக்கு நேரமில்லை.

"ஹைஸ்கூல் முகாமை மூடிட்டோம். ஜெனரேட்டர் செத்துப் போச்சு. அது போதாதுன்னு மலட் ஓடை தரைப்பாலத்துல தண்ணி ஏறிட்டிருக்கு. எல்லாரையும் கண்காட்சித் திடல் அரங்குக்கு அனுப்புறோம். நீ பக்கத்தை மாத்து."

"எவ்வளவு நேரம் இருக்கு?"

"மூணு மணிக்குப் பாலத்துல இடுப்பளவு தண்ணி நிக்கும்கிறாங்க. பத்து நிமிஷத்துல முடிச்சிரு."

"ரேடியோல சொல்லியாச்சா? பாலத்துல ஆள் நிறுத்தலாமே."

"ரேடியோல சொல்லிட்டுத்தான் இருக்காங்க, கேக்குறவன் யாரு? எல்லாரும் உன் பக்கத்தைத்தானே பார்க்குறாங்க. ஊர்ல இருக்கிற ஒரே போலீஸ் வண்டி கேரவன் பார்க்குல தங்கியிருக்கிறவங்களைக் காலி பண்ணப் போயிருக்கு. பேசிட்டே நிக்காதே."

போனை வைத்ததும் ப்ரையனிக்கு ஊர் ஞாபகம் வரவில்லை. அப்பா ஞாபகம்தான் வந்தது. ஒன்று ஐம்பதுக்கு அவர் அனுப்பியிருந்த செய்தி இன்னும் திரையிலேயே இருந்தது. 'கிளம்பிட்டேன். நாயும் நானும். ஸ்கூலுக்குப் போறோம். உன் பக்கத்துல அப்படித்தான் போட்டிருக்கு.'

அவள் அப்பா மெர்வ் ஹாடோ ஆற்று முகத்துவாரத்தில் தனியாக இருக்கிறார். அங்கிருந்து பள்ளிக்கூடம் ஒன்றேகால் மணி நேரம். புயல் உருவானதிலிருந்து ஒரு நாளைக்கு நாலு தடவை போன் செய்து, "இப்ப எங்க இருக்கு, எந்தப் பக்கம் நகருது" என்று அவள் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் பொறுமை போய்விட்டது. "அப்பா, சும்மா சும்மா எனக்கு போன் பண்ணாதே. நாலு தடவை ரொம்ப ஜாஸ்தி. எல்லாம் அந்தப் பக்கத்துல இருக்கு. அதைப் பாரு, அது சொல்றபடி செய்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆயுளில் ஒரு தடவை கூட யார் பேச்சையும் கேட்காத மனுஷன், போயும் போயும் இதைக் கேட்டுத் தொலைத்தார்.

அவர் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது, எடுக்கவில்லை. எடுக்க மாட்டார். வண்டி ஓட்டும்போது போனை டாஷ்போர்டு பெட்டிக்குள் போட்டு மூடிவிடுவது அவர் வழக்கம்.

ஒரே ஒரு நம்பிக்கை இருந்தது. பள்ளிக்கூடச் சாலையும் திடல் சாலையும் பிரிகிற முக்கில் ஒரு பெட்ரோல் பங்க். அதைத் தாண்டும்போதெல்லாம் அப்பா நின்று இறைச்சி அடைத்த மீட் பை ஒன்று வாங்கித் தின்பார். அங்கே சுவரில் கவுன்சில் மாட்டிய பெரிய திரையில் நாள் முழுக்க இந்தப் பக்கம்தான் ஓடும். இரண்டே முக்காலுக்கு அவர் அங்கே வருவார். அதற்குள் பக்கம் மாறினால் வலப்புறம் திரும்புவார். மாறாவிட்டால் இடப்புறம், தரைப்பாலம். பங்க்குக்கு போன் போட்டுப் பார்த்தாள். பெட்ரோல் இருக்கிறதா என்று ஊரே கேட்டுக்கொண்டிருந்தது போல, லைன் கிடைக்கவே இல்லை.

"கேவன், ஸ்கூல் முகாமை மூடிட்டாங்க. அப்பா அங்கதான் போய்ட்டிருக்காரு."

கேவன் எழுந்து வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். பேக்கரி மாடியில் இருக்கும் அந்த அலுவலகத்தில் மொத்தமே அவர்கள் இருவர்தான், கேவன் முதலாளி. அவனுக்கு ஒரே ஒரு சட்டம் உண்டு. சொந்தத் திரையில் கண்ணால் பார்க்காத எதையும் ஊருக்கு அனுப்பக் கூடாது. ஒரு தடவை பார்க்காமல் அனுப்பி, ஊர் முழுக்கக் குப்பை வண்டி வரும் கிழமையை மாற்றிவிட்டு அவன் வாங்கிய வசவில் பிறந்த சட்டம் அது.

வேலை என்னவோ ஒரு வரிதான். அந்த இணையதளத்தில் ஐந்நூறு ஃபைல்களுக்கு மேல் இருந்தன. எந்த ஃபைலில் முகாம் பட்டியல் இருக்கிறது என்று தேட வேண்டியதில்லை. தன் கணினியிலேயே தளத்தை ஓட விட்டு, பிரவுசரில், எந்த எழுத்து எந்த ஃபைலிலிருந்து வருகிறது என்று காட்டும் டெவலப்பர் டூல்ஸைத் திறந்து, பள்ளிக்கூடத்தின் பெயரைத் தொட்டாள். ஓரத்தில் ஃபைலின் பெயர் வந்தது. அதைச் சொடுக்கியதும் ஃபைலைத் திருத்தும் எடிட்டர் தானாகத் திறந்து, சரியாக அந்த வரியிலேயே போய் நின்றது. 'கர்லூ பே ஹைஸ்கூல்'. சந்தேகப்பட அதில் என்ன இருக்கிறது? திடல் அரங்கு என்று மாற்றிச் சேமித்தாள். மணி இரண்டு பதினாறு.

பிரவுசரைப் பார்த்தாள். 'கர்லூ பே ஹைஸ்கூல்' என்றே இருந்தது.

புதுப்பித்தாள். அதே. பிரவுசர் பழைய பக்கத்தை எங்கேயாவது பதுக்கி வைத்திருக்கும் என்று அதையெல்லாம் துடைத்தாள். அதே. தளத்தை நிறுத்தி மறுபடி ஓட விட்டாள். அது எழுந்து வர மூன்று நிமிடம் எடுத்துக்கொண்டது. பாழாய்ப் போன அந்த மூன்று நிமிடமும் அவள் விரல் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தது. ஹைஸ்கூல். மணி இரண்டு இருபத்தாறு. வெளியே மழை கண்ணாடியில் சல்லியை வாரி இறைத்தது போல அடித்தது.

"இன்னொரு பிரவுசர்ல பாரு," என்றான் கேவன்.

"பார்த்துட்டேன்."

"சேமிச்சியா?"

"நான் என்ன நேத்தா வேலைக்குச் சேர்ந்தேன்?" அவள் நாற்காலியைத் திருப்பினாள். "கேவன், நீதான் எதையோ பண்ணி வெச்சிருக்கே. எதைத் தொட்டாலும் நாலு காப்பி எடுத்து வைக்கிற வியாதி உனக்குத்தானே. உன் கணினியில 'இறுதி', 'உண்மையான இறுதி', 'இதுதாண்டா இறுதி'ன்னு வரிசையா இருக்கு. என் மெஷின்ல கை வெச்சியா?"

"போன புயல் சீசனுக்கு அப்புறம் இந்தத் தளத்தை நான் தொடவே இல்ல."

"யாரோ தொட்டிருக்காங்க."

கேவனும் லேசில் வாங்கிக்கொள்கிற ஆள் இல்லை. வாயைத் திறந்தான். மணியைப் பார்த்துவிட்டுச் சண்டையை ஒத்திப்போட்டான்.

"சரி. உடைச்சுப் பாரு," என்றான்.

இது அந்தத் தொழிலில் கடைசி வைத்தியம். அவள் அந்த ஃபைலின் நடுவில் கை போன போக்கில் எழுத்துக்களைத் தட்டினாள். பாதியை அழித்தாள். இதற்கு மேல் அந்தப் பக்கம் நொறுங்கி விழுந்தே ஆக வேண்டும். சேமித்துப் பிரவுசரைப் பார்த்தாள். பக்கம் ஒரு கீறல் இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"பாரு," என்றான் கேவன் மெதுவாக. "இவ்வளவு நேரம் நீ அடுத்தவன் வீட்டுச் சுவத்துக்கு வெள்ளையடிச்சிட்டிருக்கே."

அவள் எடிட்டரில் ஃபைலின் பெயர் மேல் சுட்டியைக் கொண்டுபோனாள். முழு முகவரியும் வந்தது. ஃபோல்டரின் பெயர்: 'கர்லூ பே பத்திரம் ப்ரையனி ஜூன்'.

அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. ஜூனில் பெரிய மாற்றம் ஒன்றைத் தொடங்குமுன், எதற்கும் இருக்கட்டும் என்று மொத்தத்தையும் இன்னொரு ஃபோல்டரில் நகல் எடுத்தவள் அவள். ஃபைலைச் சொடுக்கினால் அந்த நகலிலிருந்து திற என்று டூல்ஸுக்குச் சொல்லி வைத்தவளும் அவளே. அப்புறம் பிரிஸ்பேனிலிருந்து வேறு வேலை வந்தது, இது மறந்து போனது. ஓடுகிற தளம் ஒரு ஃபோல்டரில், அவள் திருத்துகிற ஃபைல் இன்னொன்றில். எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி. பழியைப் போட்டது கேவன் மேல்.

"நான்தான்," என்றாள்.

"தெரியுது. அழறதெல்லாம் அப்புறம். மணி ரெண்டு முப்பத்தி மூணு."

டூல்ஸுக்கு ஃபோல்டரை மாற்றிக் கொடுத்தாள். மறுபடி சொடுக்கினாள். எடிட்டர் திறந்தது. அதே பெயர், அதே வரிகள். சூடு பட்ட பூனை அவள், இப்போது எதையும் நம்பத் தயாராக இல்லை. முகவரியைப் படித்தாள், இரண்டாம் முறை படித்தாள், அப்படியும் மனசு கேட்கவில்லை. அந்த ஃபைலின் உச்சியில், அவசர அறிவிப்புக்கென்று ஒரு மஞ்சள் பட்டை காலியாக இருந்தது. சோதித்துப் பார்க்க அதில் எதையாவது எழுத வேண்டும். ஆயிரம் தடவை எழுதியிருக்கிற 'டெஸ்ட் டெஸ்ட்' அன்றைக்கு அவள் விரலில் வரவில்லை. மனசில் இருந்ததுதான் வந்தது. சேமித்தாள்.

பிரவுசரில் மஞ்சள் பட்டை விரிந்தது. எழுதியது அப்படியே தெரிந்தது. விறுவிறுவென்று கீழே இறங்கி முகாம் பட்டியலைப் பிடித்தாள். ஹைஸ்கூலை எடுத்தாள், திடல் அரங்கைப் போட்டாள், தரைப்பாலம் மூடல் என்று சேர்த்தாள். பிரவுசரிலும் பட்டியல் மாறியது.

"பார்த்தியா?"

கேவன் குனிந்து பட்டியலை விரல் வைத்துப் படித்தான். "பார்த்துட்டேன். அனுப்பு."

இரண்டு முப்பத்தெட்டுக்குப் பக்கம் ஊருக்குப் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் செய்ய ஒன்றுமில்லை. அப்பா எண்ணை அழுத்தினாள், மணி அடித்து ஓய்ந்தது. பங்க் எண்ணை அழுத்தினாள், லைன் இல்லை. கேவன் டீ போட்டு வைத்தான். அது ஆறிக்கொண்டிருந்தது.

இரண்டு நாற்பத்தாறுக்கு நோரீன்.

"முகாம் மாறிடுச்சு, பார்த்தேன். ஒண்ணு மட்டும் சொல்லு. மேல மஞ்சப் பட்டையில இருக்கிற மெர்வ் ஹாடோ யாரு?"

ப்ரையனி சுட்டியை எட்டிப் பிடித்தாள். பக்கத்தை மேலே நகர்த்தினாள். ஊரே பார்க்கும் பக்கத்தின் உச்சியில், பெரிய எழுத்தில், மஞ்சளில், அவள் சோதனைக்கு எழுதியது இருந்தது. 'மெர்வ் ஹாடோ, வண்டியைத் திருப்பு. பாலத்துக்குப் போகாதேப்பா.'

"ஐயோ. அது சும்மா டெஸ்டுக்குப் போட்டது. எங்கப்பா. இப்பவே எடுத்துடறேன்."

"உங்கப்பா கிடைச்சுட்டாரா?"

"இல்ல. தெரியல."

"அப்ப அதுல கையை வைக்காதே," என்றாள் நோரீன். போனை வைத்துவிட்டாள்.

கேவன் தலையைச் சொறிந்தான். "நானும்தான் பார்த்தேன்னு சொன்னேன்," என்றான். "பட்டியலை மட்டும் பார்த்திருக்கேன், மடையன்."

இரண்டு ஐம்பது. இரண்டு ஐம்பத்து நாலு. ப்ரையனி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்நேரம் மீட் பையைத் தின்று முடித்திருப்பார். திரையைப் பார்த்திருந்தால் போன் செய்திருப்பார். செய்ய மாட்டார், நான்தான் வேண்டாம் என்று சொன்னேனே. மூன்றாக ஒரு நிமிடம் இருக்கும்போது போன் அடித்தது.

"ப்ரையனி," என்றார் அப்பா. பின்னால் காற்றின் இரைச்சல், நாய் குரைக்கும் சத்தம், யாரோ ஒரு பெண் திட்டும் சத்தம். "இங்க ஒரு பொம்பளை என் வண்டிச் சாவியைப் பிடுங்கி வெச்சிருக்கா."

"எங்கப்பா இருக்கே?"

"பாலத்துக்கிட்ட. பங்க்குல ஒரே கூட்டம், நிக்கல. நேரா வந்துட்டேன். பின்னாலயே மூணு காரு லைட்டைப் போட்டு, ஹாரன் அடிச்சிட்டு வருது. கிறுக்குப் பசங்கன்னு நெனச்சேன். முன் சக்கரம் தண்ணியில இறங்கின நேரம், இந்தப் பொம்பளை காரைக் கொண்டாந்து பக்கத்துல நிறுத்தி, நீதானே மெர்வ் ஹாடோ, உன் மக திரும்பச் சொல்றாய்யான்னு கத்துறா. பங்க்குல என் வண்டி தாண்டினப்போ எவனோ பார்த்து அடையாளம் கண்டிருக்கான். என் பேரு அங்க சுவத்துல தொங்குதாம்ல?"

ப்ரையனி ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கேவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, இருக்கிறார் என்று புரிந்துகொண்டு, மேஜை மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

"கண்ணு, இருக்கியா? பாலத்துல தண்ணி கறுப்பா ஓடுது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தா..." குரைத்த நாயை அதட்டினார். "நீ போன் பண்ணாதேன்னியா, அதான் பண்றதா வேணாமான்னு யோசிச்சேன். இந்தப் பொம்பளைதான் பண்ணச் சொல்லி ஒத்தக் கால்ல நிக்கிறா."

"பண்ணுப்பா," என்றாள். "தினம் பண்ணு."

"நாலு தடவை ஜாஸ்தின்னியே."

"அஞ்சு தடவை பண்ணு."

"சரி," என்றார் மெர்வ் ஹாடோ. "அரங்குக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலாவதைப் பண்றேன்."