ஹட்சுஷிமாவுக்கு ஓர் ஒத்திகை

எங்கள் திருமணத்தின் இருபத்தைந்தாவது ஆண்டுக்கு யப்பானில் ஒரு சின்னத் தீவுக்கு நாலு நாள் போகலாமென்று இருக்கிறோம் என்று நான் சொன்னபோது, எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"அங்க ஆர் இருக்கினம்?"

தமிழ்ப் பூசை முடிந்து தேவாலய வாசலில் நின்றபோது கேட்டார்கள். இல்ஃபோர்டில் நான் வரவேற்பாளராக வேலை செய்யும் பல் வைத்தியரிடம் வருகிற நம்மவர்கள், வாய்க்குள் பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டார்கள். மான்செஸ்ரரில் இருக்கும் என் மகள் டிலக்சனாகூட, ஆங்கிலத்தில், அதையேதான் கேட்டாள். ஒருவரும் இல்லை என்றதும் முகங்களில் ஓர் இரக்கம் வரும். பிழையான ரயிலில் ஏறிவிட்டவளைப் பார்ப்பதுபோல.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. நாங்கள் இதுவரை பார்த்த உலகம் முழுவதும் சொந்தக்காரரின் வரவேற்பறைதான். பாரிஸ் என்றால் எனக்கு மச்சாளின் சோபாக் கட்டில். ரொறன்ரோ என்றால் ஒரு நிலக்கீழ் அறையும் அடுத்தடுத்து வந்த கல்யாணங்களும். நோர்வேயில் மலைகள் இருந்ததாக ஞாபகம்; காரின் பின் இருக்கையில், மடியில் பலகாரப் பெட்டியுடன் அவற்றைத் தாண்டிப் போயிருக்கிறோம். எங்கே போனாலும் ஒரு பார்சலைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, இன்னொரு பார்சலோடு திரும்பி வந்தோம்.

அந்தத் தீவை நான் கண்டது வேலையிடத்துக் கணினியில், நோயாளி ஒருவர் வராமற்போன இடைவெளியில். பெயர் ஹட்சுஷிமா. அத்தாமி என்ற கடற்கரை ஊரிலிருந்து கப்பலில் அரை மணி நேரம். ஒரு மணி நேரத்தில் தீவையே சுற்றி நடந்துவிடலாம். துறைமுகத்தை ஒட்டி வரிசையாகச் சின்னச் சாப்பாட்டுக் கடைகள். சோற்றின்மேல் மீனைப் பச்சையாக அடுக்கித் தருவார்கள். சிங்க இறால் உண்டு. இன்று கிள்ளினால் நாளைக்கே துளிர்க்கும் என்று பேர் வாங்கிய ஒரு கீரையை மாவில் தோய்த்துப் பொரிப்பார்கள். கடற்பாசியை நாங்கள் சீனி போட்டுக் காய்ச்சி இறுக விடுவோமே, அவர்கள் அதை நூல் நூலாக வெட்டி வினாகிரி ஊற்றிச் சாப்பிடுவார்கள். ஏறிப் பார்க்க ஒரு வெளிச்சவீடு. பிறகு கடலைப் பார்த்தபடி சுடுநீர்க் குளியல். அதற்குமேல் அங்கே செய்வதற்கு அதிகம் இல்லை. அந்த இல்லாமையில்தான் என் மனம் போய் ஒட்டிக்கொண்டது.

அங்கே என்னை அஞ்சலீனா அக்கா என்று கூப்பிட ஒருவரும் இருக்கமாட்டார்கள். அப்படிக் கூப்பிடாவிட்டால் நான் யாராக இருப்பேன் என்று பார்க்க ஆசையாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

என் கணவர் பெனடிக்ற் கடைகளின் குளிரூட்டிகளைத் திருத்துபவர். இல்ஃபோர்டிலிருந்து ஹரோ வரை எந்தத் தமிழ்க் கடையில் பால் புளித்தாலும் அவருடைய ரெலிபோன்தான் அடிக்கும். ஆட்களோடு கதைப்பதற்கென்றே பிறந்த மனிதர் என்று நினைத்திருந்தேன். தீவைப் பற்றிச் சொன்னதும் நல்லது என்று தலையாட்டினார். மறுநாளே யப்பானின் யோகோகாமா நகரத்தில் ஒருவரைக் கண்டுபிடித்துவிட்டார். மன்னாரில் அவரோடு படித்த சச்சிதானந்தனின் தம்பி. அந்த வீட்டில் ஓர் அறை சும்மாதான் கிடக்கிறதாம். நாலு நாளும் அங்கேயே நிற்கலாமாம். தீவுக்கு ஒருநாள் எல்லோருமாகப் போய்ப் பின்னேரமே திரும்பிவிடலாமாம். அவர்களுக்கு மிளகாய்த்தூளும் கருவாடும் வேண்டுமாம்.

நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் நின்று துடைத்துக்கொண்டிருந்தார். நாங்கள் தனியாகப் போனால் என்ன என்று கேட்டேன். காய்ந்துபோன கோப்பையையே அவர் திரும்பத் திரும்பத் துடைத்தார்.

"நாலு நாள் நாங்கள் ரெண்டு பேரும் என்னத்தைக் கதைக்கிறது?" என்றார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி என்னிடமும் இருந்தது. அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். டிலக்சனா வீட்டைவிட்டுப் போன பிறகு, சாப்பிடும் நேரத்தில் ரீவியின் சத்தத்தைக் கூட்டிவைக்கத் தொடங்கியது அவரா நானா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சண்டை கிடையாது. வெறுப்பும் கிடையாது. ஆனால் நாங்கள் பேசுவதெல்லாம் மற்றவர்களைப் பற்றித்தான். மற்றவர்களை எடுத்துவிட்டால் மேசையில் என்ன மிஞ்சும்?

அதனால்தான் ஒத்திகை ஒன்று பார்ப்போம் என்றேன்.

தீவில் என்னென்ன செய்வோமோ, என்னென்ன சாப்பிடுவோமோ, அத்தனையையும் ஒரே நாளில் லண்டனில் செய்து பார்ப்பது. ரெலிபோன் இரண்டும் வீட்டில் கிடக்கும். தெரிந்த ஆட்களைப் பற்றி ஒரு கதையும் கதைக்கக் கூடாது. அலுக்காமல் பொழுது போய்விட்டால் நாலு நாளும் ஹட்சுஷிமா. போகாவிட்டால் யோகோகாமா. பெனடிக்ற் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெயில் விட்டால் என்ன தண்டனை என்று கேட்டார். மிளகாய்த்தூளை நானே வறுத்துத் திரித்துத் தருவேன் என்றேன்.

இருவரும் லீவு போட்ட ஒரு செவ்வாய்க்கிழமை, இல்ஃபோர்டில் 123ஆம் நம்பர் பஸ்ஸில் ஏறி மேல்தட்டின் முன் இருக்கையில் உட்கார்ந்தோம். அதுதான் கப்பல். கான்ற்ஸ் ஹில் சுற்றுவட்டத்தில் பஸ் சாய்ந்து திரும்பியபோது அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கடல் கொந்தளிப்பாக இருக்கிறது என்றார். நல்ல தொடக்கம் என்று நினைத்தேன்.

நாங்கள் இறங்கிய வால்தம்ஸ்டோவில் குடிநீருக்காகக் கட்டிய பெரிய குளங்கள் இருக்கின்றன. நடுவில் மரமடர்ந்த திட்டுகள், தீவுகள் என்றே சொல்லலாம். அவற்றில் நாரைகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டும். குளக்கரையோடு சுற்றி நடக்கலாம். தெற்குப் பக்கத்தில் ஏறிப் பார்க்க ஒரு பழைய கோபுரமும் உண்டு. அதை வெளிச்சவீடாக வைத்துக்கொண்டோம். சித்திரை வெயில். காற்று மட்டும் இன்னும் கோட்டுக்குள் கை விட்டுப் பார்த்தது.

கதைதான் வரவில்லை. பெனடிக்ற் வாயைத் திறந்தார்: "உவர் கஸ்பர் அண்ணையின்ர முழங்கால்..." நான் விரலை உயர்த்தினேன். மூடினார். கஸ்பர் அண்ணை எங்கள் பங்கின் பாடகர் குழுத் தலைவர். அவருடைய முழங்கால் வழக்கமாக எங்களுக்கு ஒரு சாப்பாட்டு நேரத்துக்குக் காணும். பிறகு பாதர், பிறகு பக்கத்து வீட்டு வேலி, பிறகு மகளின் வாடகை அறை. எல்லாவற்றுக்கும் விரல். கோபுரத்தில் ஏறினோம், பார்த்தோம், இறங்கினோம். அவர் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். பேச்சு இல்லாத இடத்தில் எதையாவது சுமக்க வேண்டும் என்று தோன்றியிருக்கும். எங்கள் செருப்புச் சத்தம் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தது. மனதுக்குள் நான் மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டேன்.

தண்ணீரைப் பார்த்த ஒரு வாங்கில் உட்கார்ந்து சாப்பாட்டைப் பிரித்தேன். சுப்பர்மார்க்கற்றில் வாங்கிய பச்சைச் சமன் மீனை, நான் சமைத்த சோற்றின்மேல் அடுக்கியிருந்தேன். சிங்க இறாலுக்குப் பதில் பொரித்த இறால். நாளைக்குத் துளிர்க்கும் கீரை கிடைக்காததால் பசளி இலையை மாவில் தோய்த்துப் பொரித்தது. கடற்பாசி, வினாகிரியும் சோயாவும் ஊற்றியது.

பெனடிக்ற் மன்னார்க் கடற்கரையில் வளர்ந்தவர். மீனைக் குனிந்து பார்த்தார். "எங்கட ஐயா இதைக் கண்டாரெண்டால்..."

நான் விரலை உயர்த்தினேன்.

"செத்த ஆக்களையும் கதைக்கக் கூடாதோ?"

"கூடாது."

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு கோட்டுப் பைக்குள் கையை விட்டார். ஈயத்தாளில் சுற்றிய ஒரு சின்ன உருண்டை வெளியே வந்தது. செத்தல் மிளகாயும் வெங்காயமும் சேர்த்து இடிக்கிற கட்டைச் சம்பல். எனக்குத் தெரியாமல் விடிய எழும்பி இடித்திருக்கிறார். அதை மீனின்மேல் தடவி வாயில் போட்டு, கண்ணை மூடி மென்று, யப்பான்காரருக்கு இது தெரியாமற் போனது பாவம் என்றார். நானும் தடவிப் பார்த்தேன். பாவம்தான். கடற்பாசியை மட்டும் எங்கள் இருவராலும் இரண்டாவது வாய்க்குக் கொண்டுபோக முடியவில்லை.

பிறகு நீண்ட நேரம் நீர்க்காகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவை சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒன்றும் பேசாமல் நின்றன. அவர் மெதுவாகச் சொன்னார்:

"கடையளில குளிர் அறை இருக்கெல்லோ. வேலை முடிஞ்ச பிறகும் கதவைச் சாத்திப்போட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிப்பன். அதுக்குள்ள ஒருத்தரும் வந்து கதைக்க மாட்டினம். மெசின் சத்தம் மட்டும்தான்."

நான் திரும்பிப் பார்த்தேன். கூட்டம் இல்லாவிட்டால் மூச்சு முட்டிப்போகும் என்று நான் நினைத்திருந்த மனிதர், மரக்கறிப் பெட்டிகளுக்கும் தயிர் வாளிகளுக்கும் நடுவில் குளிரில் தனியாக நிற்பதைக் கற்பனை செய்தேன். வீட்டுக்கு வரும்போது சில நாட்களில் அவருடைய காது குளிர்ந்து கிடக்கும். ஏன் என்று நான் கேட்டதில்லை.

"நீர் எங்க போய் நிக்கிறனீர்?" என்று கேட்டார்.

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் ஒருவரும் கேட்டதில்லை. பதில் என்னிடம் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன்.

"என்ன இது, வேலை நாளில? ஏதும் செத்தவீடோ?"

கஸ்பர் அண்ணை. கழுத்தில் கமரா, கையில் ஊன்றுகோல். முழங்காலுக்காக வைத்தியர் நடக்கச் சொல்ல, குருவிகளைப் படம் எடுத்துக்கொண்டு நடக்கிறார். எங்கள் வாங்கைக் குறிவைத்து வந்துகொண்டிருந்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். கஸ்பர் அண்ணை உட்கார்ந்தால் மாலைவரை எழும்பமாட்டார். பெனடிக்ற்றுக்கு இதைவிடப் பெரிய விடுதலை கிடைக்கப்போவதில்லை. அவர் நகர்ந்தார். இடம் விடத்தான் என்று நினைத்தேன். ஆனால் அவர் என் பக்கமாக நகர்ந்து, காலியான இடத்தில் என் கைப்பையையும் சாப்பாட்டுப் பையையும் தூக்கி வைத்தார்.

"குறை நினையாதேங்கோ அண்ணை. நாங்கள் ரெண்டு பேரும் ஒரு சண்டையில நிக்கிறம். பாதியில விட ஏலாது."

கஸ்பர் அண்ணை சோற்றைப் பார்த்தார், பொரித்த இறாலைப் பார்த்தார், சம்பலைப் பார்த்தார்.

"சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தோ?"

"பெரிய சண்டை அண்ணை."

அவர் முகம் பாரமானது. இரண்டடி பின்னால் வைத்தார். "அப்ப வடிவாச் சண்டை பிடியுங்கோ. நான் உங்களைக் காணேல்லை. ஒருத்தருக்கும் சொல்லவும் மாட்டன்."

அவர் வளைவில் மறையும்வரை நான் கடலைப் பார்ப்பதுபோலக் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதட்டைக் கடித்துக் கடித்து வலித்தது. பிறகு இருவரும் வாங்கு குலுங்கச் சிரித்தோம். சிரித்து ஓய்ந்தபோது, அவர் இன்னும் என் பக்கத்திலேயே ஒட்டி இருந்தார். கேட்ட கேள்வியையும் மறக்கவில்லை. முகத்தை என் பக்கம் திருப்பி, பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை முடிந்து வரும்போது எங்கள் தரிப்புக்கு ஒரு தரிப்பு முந்தியே பஸ்ஸைவிட்டு இறங்கி நடப்பேன் என்று சொன்னேன். அந்தத் தூரம் மட்டும் நான் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. அக்காவும் இல்லை, அம்மாவும் இல்லை, அடுத்த நோயாளியின் பெயரைக் கூப்பிடுகிறவளும் இல்லை.

"அது தெரியும்," என்றார். "மழை நாளில குடை நல்லா நனைஞ்சிருக்கும். எங்கட தரிப்பில இறங்கினா அவ்வளவு நனையாது."

அவர் கவனித்திருக்கிறார். நான் அவருடைய காதைக் கவனித்ததுபோல. நாங்கள் இருவரும் இத்தனை வருடமும் ஒருவரையொருவர் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறோம், சத்தமாக இல்லாமல். திரும்பி வந்த பஸ்ஸில் அதிகம் கதைக்கவில்லை. ஆனால் நான் மிளகாயை வறுப்பதை நிறுத்திவிட்டேன்.

மிச்சம் இருந்தது சுடுநீர்க் குளியல். வீட்டுக்கு வந்து ஒரு பெரிய பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, சோபாவில் உட்கார்ந்து நாலு கால்களையும் உள்ளே வைத்தோம். ஜன்னலுக்கு வெளியே பசிபிக் சமுத்திரத்துக்குப் பதிலாக எதிர்வீட்டுக்காரரின் குப்பைத் தொட்டிகள். அப்போதுதான் ரெலிபோன்களை எடுத்துப் பார்த்தோம். இரண்டிலும் தவறிய அழைப்புகள் குவிந்து கிடந்தன. பாதர், ஆறுதலாக ஒருநாள் வந்து சந்திக்கச் சொல்லியிருந்தார். டிலக்சனா, என்ன நடந்தாலும் தான் இருவர் பக்கமும்தான் என்று எழுதியிருந்தாள். எங்கள் சண்டை மான்செஸ்ரர்வரை போய்விட்டது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே கஸ்பர் அண்ணையின் மனைவி ஜெஸ்ரின் அக்கா அழைத்தார். நான் சத்தத்தைக் கூட்டி, சோபாவின் கையில் வைத்தேன். இது எல்லா வீட்டிலும் வருவதுதான், கஸ்பரோடு தானும் ஒரு வருடம் முழுக்கக் கதைக்காமல் இருந்ததுண்டு என்று அவர் சொல்லிக்கொண்டு போனார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"பிள்ளை, நான் சொல்லுறதைக் கேளும். சொந்தம், தெரிஞ்ச ஆக்கள் ஒருத்தரும் இல்லாத இடமாப் பாத்து ரெண்டு பேரும் தனியப் போய் நாலு நாள் இருந்திட்டு வாங்கோ."

நான் பெனடிக்ற்றைப் பார்த்தேன். பேசினுக்குள் அவருடைய கால்விரல் என் பாதத்தை மிதித்துக்கொண்டிருந்தது. அவர் ரெலிபோன் பக்கம் குனிந்து, மிகவும் பணிவாக, நீங்கள் சொன்னால் சரி அக்கா என்றார்.

அழைப்பு முடிந்ததும், யோகோகாமாவுக்கு என்ன சொல்வது என்று கேட்டேன்.

"சண்டை எண்டு சொல்லுவம். இனி இதில மறைக்க என்ன கிடக்கு?"

தண்ணீர் ஆறத் தொடங்கியிருந்தது. அவர் எழும்பி, ஈரக் காலோடு தரை முழுதும் தடம் பதித்துக்கொண்டு போய், கேத்திலைக் கொதிக்கவைத்துக் கொண்டுவந்து கவனமாக ஊற்றினார். ரெலிபோன் மறுபடி அடித்தது. இருவரும் எடுக்கவில்லை. அவர் காலை உள்ளே வைத்துக்கொண்டு கேட்டார்:

"அந்தத் தரிப்பில இறங்கி எந்த ரோட்டால வாறனீர்?"

நான் சொல்லத் தொடங்கினேன்.