மழைக்குப் போகிற படம்

எனக்குக் கோபம் வந்தால் கண்மண் தெரியாது. பதுளை பஸாரில் ரேடியோ, டீவி திருத்துகிற ஜௌபர் என்றால் முதலில் என் வாயைத்தான் சொல்வார்கள், பிறகுதான் வேலையை. மாரிசாமியிடம் அன்று எரிந்து விழுந்ததையும் கோபம் என்றுதான் ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். அது பயம்.

எண்பத்தாறாம் வருடம் நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத் துரை ஒருவர் தன் பங்களா கேட்டில் கமெரா பூட்டச் சொன்னார். வீட்டுக்குள் இருந்தபடி யார் வருகிறார்கள், போகிறார்கள் என்று டீவியில் பார்க்கலாம். நான்தான் பூட்டிக் கொடுத்தேன். மூன்று வாரம்கூட ஆகவில்லை, பின்னேரங்களில் படம் இல்லாமல் போகத் தொடங்கியது. மழை வந்ததும் சுருண்டு படுக்க வசதியாக, கேட் காவல்காரன் மாரிசாமி கம்பியைப் பிடுங்கிவிடுகிறான் என்றார் துரை.

காலை பஸ்ஸில் போனேன். நல்ல வெயில். கமெராவைக் கழற்றி டீவிக்குப் பக்கத்தில் வைத்து, சின்னக் கம்பியால் இணைத்துப் பார்த்தேன். படம் வந்தது. திரும்பக் கேட்டில் மாட்டினேன், அப்போதும் வந்தது. மாரிசாமி தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"மழை பேஞ்சாத்தாங்க போகுது, நானா. நான் ஒன்னும் தொடலீங்க."

நானா என்று அண்ணன் முறை சொல்லிக்கொண்டே எனக்குப் படித்துக் கொடுக்க வந்துவிட்டாயா என்று கேட்டேன். இன்னும் என்னென்னவோ கேட்டேன், எழுத வாய் கூசுகிறது. பிறகு துரையிடம் சாமானில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லிவிட்டு இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்தேன். சாமானில் கோளாறு இல்லையென்றால் ஆளில்தானே? மறுநாளே மாரிசாமியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். மாதக் கடைசிக்குள் குடியிருந்த லயத்துக் காம்பிராவையும் விட்டுப் போகச் சொன்னார்கள். மூன்று பிள்ளைகளோடு எங்கே போவார்?

அதற்குப் பிறகும் படம் போனது. வன்மத்தில் ஒளிந்து வந்து செய்கிறான் என்று துரை திரும்பவும் என்னைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அன்றைக்கு பஸ் வழியில் நின்றுவிட்டது. நான் பங்களாவுக்குப் போய்ச் சேரும்போது மழை பிடித்துக்கொண்டது. டீவிக்கு முன்னால் நின்றுகொண்டிருக்கும்போதே படம் கலங்கி, இருண்டது. கேட்டில் ஒரு குருவிகூட இல்லை.

குடையை விரித்துக்கொண்டு கம்பி போகிற வழியே நடந்தேன். பாதி வழியில் டர்பன்டைன் மரத்தடியில் ஒரு மூட்டு. பூட்டிய அன்று கம்பி எட்டவில்லை. சரியான இணைப்பு கொழும்பிலிருந்து வரவேண்டும், யார் காத்திருப்பது என்று இரண்டு துண்டையும் கையால் முறுக்கி டேப் சுற்றியவன் நான். டேப்பை வெட்டினேன். தண்ணீர் சொட்டியது. செப்பு பச்சை பிடித்திருந்தது. மாரிசாமி மழை என்று சொன்ன அன்றே அந்த மூட்டு எனக்கு ஞாபகம் வந்தது. அதைத் திறந்து பார்க்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஈரத்தோடு துரையிடம் போனேன். பங்களாச் சமையல்காரர் அப்பு அப்போதுதான் தேத்தண்ணி வைத்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்.

"சேர், பிழை என்ட. மாரிசாமி ஒன்டும் செய்யல்ல."

அப்பு அதைக் கேட்டுக்கொண்டே வெளியே போனார். துரை கோபப்படவில்லை. அதையே என் கடைப் பெயர் அச்சடித்த தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். தலைமைக் காரியாலயத்துக்கு அனுப்பினால் மாரிசாமியை நாளைக்கே வேலைக்கு எடுக்கலாம் என்றார். தாள் பையிலேயே இருந்தது. பேனையைத் திறந்தேன். பண்டாரவளையில் இன்னும் நாலு பங்களாக்காரர் கமெரா கேட்டிருந்தார்கள். இந்தத் தாள் காரியாலயம் போய்ச் சேருமுன் கதை பதுளை பஸாருக்கு வந்துவிடும். தாளைத் தள்ளி வைத்தேன்.

"தண்ணி போனது சரி, சேர். அந்த மூட்டுல யாரும் கை வைக்கல்லண்டு எனக்கு சத்தியம் பண்ண ஏலாது."

துரை பேனையை மூடச் சொன்னார்.

மாதக் கடைசியில் மாரிசாமியை பதுளை பஸ் ஸ்டாண்டில் கண்டேன். மூட்டை முடிச்சுகள், பிள்ளைகள், மனைவி இராக்கம்மா. நழுவப் பார்த்தேன். அவர் ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"அப்பு எல்லாத்தையும் சொன்னாருங்க. தோட்டத்துல எனக்காக ஒருத்தரும் வாய் தொறக்கல. நான் பொழைக்கட்டும்னு செய்யாத தப்ப நீங்க செஞ்சதா ஏத்துக்கிட்டீங்களாமே, நானா."

ஆமென்று தலையாட்டினேன்.