வீட்டுச் சாமான் பட்டியல்

...இது எப்படி இங்கே வந்தது, இந்த ஜன்னலோரக் கம்ப்யூட்டரில், போகிறவர் வருகிறவர் எல்லாரும் கை வைக்கிற பொதுக் கம்ப்யூட்டரில், அவள் வீட்டில் அல்லவா இருக்க வேண்டும் இது... கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தாள். மகள் வரைந்த யானைப் படம், புருஷனின் முழங்கால் எக்ஸ்ரே, அதற்குக் கீழே 'வீட்டுச் சாமான் பட்டியல்'. அடப்பாவிகளா! யாரைத் திட்டுகிறோம் என்று தெரியாமலே திட்டினாள். அது சாமான் பட்டியலே இல்லை. இந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் தலைவர், எல்லாரும் முதுகுக்குப் பின்னால் சிடுமூஞ்சி என்று சொல்கிற அந்த மனுஷன், இரண்டு வருஷத்தில் அவளுக்குச் செய்ததை எல்லாம் தேதி போட்டு எழுதிவைத்த பதினோரு புகார்கள். புருஷன்கூடத் திறந்து பார்க்கக் கூடாது என்றுதான் அந்தப் பெயர். என்றைக்காவது ஒருநாள் நிர்வாகத்திடம் கொடுக்க வேண்டும் என்று எழுதினாள், கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை, அதற்குள் இது தானாகவே ஆபீசுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. மணி ஒன்பதே முக்கால். பத்து மணிக்கு அவர் வருவார், வந்ததும் இதே நாற்காலியில் உட்கார்ந்து இதே கம்ப்யூட்டரில்தான் ரிப்போர்ட் பார்ப்பார்.

வெள்ளிக்கிழமை... ஆமாம், வெள்ளிக்கிழமைதான். மகள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு விடுப்புக் கடிதம் அச்செடுக்கத் தன் கணக்கை இதில் திறந்தாள், என்னவோ ஒரு பெட்டி வந்து 'உங்கள் கோப்புகளை இந்தக் கம்ப்யூட்டரிலும் வைத்துக்கொள்ளலாமா' என்று கேட்டது, அந்த நேரம் பார்த்துச் சிடுமூஞ்சி உள்ளே இருந்து கத்தினார், சரி போ என்று ஆமாம் போட்டுவிட்டு ஓடினாள். எல்லாம் அந்த ஆளால் வந்தது. அன்றைக்கு அவர் கத்தாமல் இருந்திருந்தால் நிதானமாகப் படித்திருப்பாள். திங்களும் செவ்வாயும் அவளை ரத்தம் எடுக்கும் அறைக்கு அனுப்பிவிட்டார், இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. அப்படியென்றால் இத்தனை நாளாக இது இங்கே பல்லை இளித்துக்கொண்டு கிடந்திருக்கிறது. புருஷனுக்குப் போன் போட்டாள். "பொது கம்ப்யூட்டர்ல எதுக்கு நீ கணக்கைத் திறந்த?" என்று ஆரம்பித்தார். "அதை அப்புறம் திட்டுங்க, இப்ப அழிக்கலாமா?" "ஐயோ, அழிக்காதே. அங்க அழிச்சா வீட்லயும் போயிடும். ரெண்டும் ஒண்ணுதான். கணக்கை மட்டும் மூடிட்டு வெளிய வா." ரெண்டும் ஒண்ணாம். இவர் என்னவோ அவளைக் கேட்டு ஒன்றாக்கியது மாதிரி.

மூடத்தான் போனாள். அப்போதுதான் ஃபைலுக்குப் பக்கத்தில் நேரம் கண்ணில் பட்டது. கடைசியாக மாற்றியது நேற்று மாலை நான்கு இருபது. நான்கு இருபதுக்கு அவள் ஒரு குண்டு மனிதரின் கையில் நரம்பு தேடிக்கொண்டிருந்தாள். அப்படியானால் யார்? உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. படித்தது போதாதென்று கையும் வைத்திருக்கிறார்களா? கூட வேலை பார்க்கிற நெட்டையனா? நேற்றுத் தேநீர் நேரத்தில் அவளைப் பார்த்து ஒரு மாதிரி தலையாட்டினானே, அதற்கு இதுதான் அர்த்தமா... அல்லது வரவேற்பில் இருக்கிற சிரிப்பழகி, "அக்கா, நீங்க ரொம்ப அமைதி அக்கா" என்று திங்கட்கிழமை குழைந்தாளே, அமைதியாம் அமைதி, வாய்க்குள்ளே சிரித்திருப்பாள். குழாய் கழுவுகிற அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் யாராவது வாசித்துக் காட்டியிருப்பார்கள். எல்லாருமாகச் சுற்றி நின்று படித்திருப்பார்கள். அவள் கழிப்பறையில் அழுததைக்கூட எழுதியிருந்தாளே, ஏழாவதில்... சீ! ஒருத்தராவது, ஒரே ஒருத்தராவது, "அக்கா, உங்க ஃபைல் இங்க கிடக்கு" என்று சொல்லியிருக்கக் கூடாதா? கல்லுளிமங்கன்கள். ஒன்பது வருஷம் ஒரே இடத்தில் வேலை பார்த்து, இவர்கள் கையில் ஊசி குத்தியபோதெல்லாம் மருந்து போட்டுவிட்டு, கடைசியில் இதுதான் மிச்சம்.

திறந்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, எல்லாம் அவள் எழுதியபடியே இருந்தன. பதினொன்று, ரத்த மாதிரிக் குழாய்களை மாற்றிவைத்தது அவர், நோயாளியிடம் மன்னிப்புக் கேட்டது அவள். அத்தோடு முடிய வேண்டும். முடியவில்லை. பன்னிரண்டு. அவள் பன்னிரண்டு எழுதவே இல்லை. 'என் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தப்போ மூணு தடவை லீவு கேட்டேன், உங்கப்பன் என்ன ராஜாவான்னு கேட்டார்.' பதின்மூன்று, வேறு யாரோ, முற்றுப்புள்ளியே வைக்காத ஆள். பதினான்கு, பதினைந்து... தேதி எல்லாம் அவள் போட்டது போலவே போட்டிருந்தார்கள். யார் யார் என்று தெரியாது, இந்தக் கம்ப்யூட்டரில் எல்லாரும் ஒரே பெயரில்தான் நுழைகிறார்கள். இவர்களையா இத்தனை நேரம் வாய்க்கு வந்தபடி திட்டினாள்? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தால் நிர்வாகம் வாயைத் திறக்க முடியாது, ஒருத்தி புலம்புகிறாள் என்று தள்ள முடியாது, கொடுத்துவிடலாம், இன்றைக்கே கொடுத்துவிடலாம்... பதினாறைத் தாண்டிக் கடைசிக்கு வந்தாள்.

'பதினேழு. தேதி ஞாபகம் இல்லை. நோயாளிங்க எல்லாம் பார்த்துட்டு இருக்கும்போது என்னைப் படிக்காத ஜென்மம்னு கத்தினார். நான் அங்கேயே அழுதேன். இதை எழுதுற அக்கா பக்கத்து மேசையில்தான் இருந்தாங்க. குழாய்க்கு லேபிள் ஒட்டிட்டே இருந்தாங்க. தலை நிமிரவே இல்லை.'

பொய். பொய்தானே? என் மேலேயே புகாரா, என் ஃபைலிலேயே! கோபம் மறுபடி குபுக்கென்று பொங்கியது. இந்த ஒரு வரியை மட்டும் எடுத்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் அப்படியே இருக்கும், யாருக்கு என்ன நஷ்டம்... வரியைத் தேர்ந்தெடுத்தாள், அது நீலமாக நின்றது. "அக்கா, சார் வண்டி வந்தாச்சு, கீழ நிறுத்திட்டு இருக்காரு" என்று வரவேற்பிலிருந்து சிரிப்பழகி குரல் கொடுத்தாள், அந்தக் குரலில் சிரிப்பு இல்லை. இவளா எழுதியது? அல்லது நெட்டையனா? கழுவுகிற அம்மா சொல்லச் சொல்ல யாராவது எழுதினார்களா? எந்த நாள் அது, யார் அழுதது... விரலை அழிக்கும் விசையின் மேல் வைத்துக்கொண்டு தேடித் தேடிப் பார்த்தாள். பக்கத்து மேசையில் சிரிப்பழகியும் அழுதிருக்கிறாள், நெட்டையனும் திட்டு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறான், அந்த அம்மாவும் முந்தானையால் முகத்தைத் துடைத்திருக்கிறாள், ஒவ்வொரு நாளும் தன் கையில் லேபிள் இருந்திருக்கிறது. இதில் பதினேழாவது எது என்று அவளால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.